செத்த லோகன் திரும்பி வரவில்லை, அம்மிணி

கொழிஞ்சாம்பாறை
18.8.2024, ஞாயிறு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். நேற்று ஆவணி பிறந்துவிட்டது, ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை. மில்லுக்குப் பின்னால் இருக்கிற தென்னையிலிருந்து மட்டை விழுந்து இரண்டு ஓடு உடைந்தது. வேறு சேதம் எதுவுமில்லை.

போன வாரம் போனில் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றிக் கேட்டாய். வுல்வரினுக்கு இன்னொரு பேர்தான் லோகன், 2017இல் வந்த 'லோகன்' படத்தில் அவன் செத்துப்போனான். "நான் பார்க்க மாட்டேன்ப்பா, லோகன் செத்ததை அப்படியே விட்டிருக்கணும். அங்க ஜனங்க என்ன சொல்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாய். போனில் சொன்னால் பாதியிலேயே சண்டைக்கு வருவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஜூலை 26 ரிலீஸ். 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டில் ஆங்கிலத்தில் பார்த்தேன். போன ஞாயிறு வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறிப் போய் கோயமுத்தூரில் தமிழில் பார்த்தேன். இரண்டு தடவையும் உன் அத்தை பையன் கூட வந்தான். ஒரே படம்தான், ஆனால் கேரள எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் சிரித்த இடம் வேறு, அந்தப் பக்கம் சிரித்த இடம் வேறு.

பாலக்காட்டில் மழை கொட்டுகிறது, தியேட்டர் வாசலில் குடையும் கையுமாகக் காலேஜ் பிள்ளைகள். படத்துக்கு 'ஏ' சான்றிதழ். அது தெரியாமல் ஒருத்தர் தன் மகனைக் கூட்டி வந்திருந்தார், ஏழாவது எட்டாவது படிக்கிற பையன். மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் விரல் இடுக்கில் வுல்வரின் நகம் மாதிரி மும்மூன்று ஐஸ் குச்சியைச் செருகி வைத்திருந்தான். உள்ளே விட மாட்டோம் என்று சொன்ன பிறகும் அந்தக் குச்சிகளை அவன் கழற்றவில்லை. அப்படியே கையை மடக்கிக்கொண்டு அப்பாவின் குடைக்குள் போய் நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம், விடாததே நல்லது என்று பட்டது.

நீ பயந்த விஷயம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. டெட்பூல் லோகனின் சமாதியைத் தோண்டுகிறான். எலும்புக்கூட்டை எடுத்து, அந்த எலும்பையே ஆயுதமாக்கி, பாட்டுக்கு ஆடிக்கொண்டே ஆட்களைக் கொல்கிறான். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னை நினைத்துக்கொண்டேன். எழுந்து போகலாமா என்று உன் அத்தை பையனிடம் கேட்டேன். "கொஞ்சம் பொறுங்க மாமா" என்றான்.

பொறுத்தேன், அதுவும் நல்லதாகப் போயிற்று. அந்த எலும்புக்கூடுதான் செத்தவன் செத்ததற்குச் சாட்சி. 2017இல் நீயும் நானும் பார்த்த அந்தச் சாவை இந்தப் படம் மாற்றவில்லை. பிறகு வருகிற வுல்வரின் வேறு ஓர் உலகத்தைச் சேர்ந்தவன். தன் கூட்டம் கொலையாகும்போது பக்கத்தில் இல்லாமல் குடித்துக் கிடந்தவன்.

அவன் போட்டிருக்கிற மஞ்சள் உடைக்கு ஒரு காரணம் சொல்கிறான். கூட்டாளிகள் அதைப் போடச் சொல்லிக் கெஞ்சினார்களாம், அவர்கள் உயிரோடு இருந்தவரை போடவே இல்லையாம். இப்போது கழற்றுவதில்லை. ஹியூ ஜாக்மேன் 2000ஆம் வருஷத்திலிருந்து இந்த வேஷம் கட்டுகிறார், ஒரு முழுப் படத்தையும் அந்த மஞ்சள் உடையில் நடித்தது இப்போதுதானாம். பிள்ளைகள் அந்த உடையைப் பார்த்துத்தான் கத்தினார்கள். எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் நின்றுவிட்டது.

தாத்தா கடைசி ஆறு மாசம் படுக்கையில் இருந்தபோது தினமும் சாயங்காலம், "பேப்பரைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுடா" என்பார். மில்லில் கூட்டமாக இருக்கிறது, நாளைக்கு, நாளைக்கு என்று நான் தட்டிக்கழித்தேன். நீதான் காலேஜிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படிப்பாய். அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் மாத்திரை கொடுத்ததும் நீதான். அவர் போய் மூன்று மாசத்தில் அந்த லோகன் படம் வந்தது. வயசான குருநாதர் சார்லஸை லோகன் தூக்கிச் சுமப்பான், மாத்திரை கொடுப்பான். அங்கேதான் உனக்கு அழுகை வந்தது. நான், "சினிமாவுக்குப் போய் அழுவாங்களா" என்று கேட்டேன். பஸ்ஸில் வீடு வரைக்கும் நீ என்னோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எனக்கு இந்த ஜூலை 28ஆம் தேதிதான் புரிந்தது. அப்படிக் கேட்டது தப்பு, அம்மிணி.

இனி ஜனங்கள் சொன்னதைச் சொல்கிறேன். யார் யார் வருகிறார்கள் என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும், உன் அத்தை பையன் போனிலேயே எல்லாம் வந்துவிட்டது.

கேப்டன் அமெரிக்காவாக நடித்த கிறிஸ் எவன்ஸ் வந்ததும் பாலக்காட்டுப் பிள்ளைகள் "கேப்டன்!" என்று கத்தினார்கள். அடுத்த நிமிஷம் அவர் நெருப்பு மனுஷன் ஜானி ஸ்டார்ம் ஆகிவிட்டார். 2005இல் அவர் போட்ட பழைய வேஷம் அது. தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தெரியாதவர்கள் பக்கத்து சீட்டைப் பார்த்தார்கள். நானும் உன் அத்தை பையனைத்தான் பார்த்தேன். ஆனால் கறுப்புக் கண்ணாடியோடு வெஸ்லி ஸ்னைப்ஸ் வந்தபோது கதை திரும்பிவிட்டது. "யாரு மாமா இது?" என்று அவன் என்னைக் கேட்கிறான்! பிளேடுடா, 1998இல் வந்த படம், நீ பிறக்கவே இல்லை என்றேன். முன் வரிசையில் நரைத்த தலை ஒன்று எழுந்து நின்று கைதட்டியது. அந்தத் தியேட்டரில் அந்த நிமிஷம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் பண்டிகை.

அந்தப் பழைய ஆட்களெல்லாம் ஒரு பாலைவனத்தில் கிடக்கிறார்கள். 2019இல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியபோது வேண்டாமென்று ஒதுங்கிப்போன கதைகள்தான் அவை என்று உன் அத்தை பையன் விளக்கினான். மில் கைமாறினால் பழைய கணக்கு நோட்டெல்லாம் கொல்லையில் கிடக்குமே, அந்த மாதிரி. வருஷக்கணக்காகப் பேசிப் பேசி எடுக்காமலே போன கேம்பிட் படத்து நாயகனும் அதில் ஒருத்தன். அவன் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது.

இடைவேளையில் டீ குடிக்கும்போது ஒரு பையன், "கத ஒன்னும் இல்லா, பக்ஷே நல்ல ரசமுண்டு" என்றான், அதாவது கதை ஒன்றுமில்லை, ஆனால் ஜாலியாக இருக்கிறதாம். இன்னொருத்தன், பழைய படமெல்லாம் பார்க்காமல் வந்தால் படிக்காமல் பரீட்சை எழுதின மாதிரிதான் என்றான். ரத்தம் ஜாஸ்தி என்று சொன்னவர்கள் உண்டு. வில்லி கேசண்ட்ரா நோவாவுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம் என்ற பேச்சும் இருந்தது. எனக்கும் அதே எண்ணம்தான். அந்த வேஷத்தில் எம்மா கோரின் மொட்டைத் தலையோடு மெதுவாகப் பேசும்போது பயமாக இருக்கிறது, அதற்குள் அவள் கதையை முடித்துவிடுகிறார்கள். கதை மெலிசு என்பது நிஜம்தான். ஆனால் படம் நெடுக டெட்பூலும் வுல்வரினும் அடித்துக்கொள்வதும் ஒட்டிக்கொள்வதும் அலுக்கவே இல்லை. ஒரு காருக்குள்ளேயே ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறார்கள்!

இரண்டு நாள் கழித்து, 30ஆம் தேதி விடிகாலையில் வயநாட்டில் நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போய்விட்டன. அந்த வாரம் இங்கே யாரும் சினிமா பேசவில்லை. உங்கள் அம்மா டிவியை அணைக்கவே இல்லை.

கோயமுத்தூரில் குடும்பக் கூட்டம். ஆங்கிலத்தில் வசவாக வந்தது தமிழில் நக்கலாக மாறியிருந்தது, அதனால் பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு வுல்வரின் யாரென்றே தெரியாது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிற அந்த நாய் வரும்போதெல்லாம் "ஐயோ சாமி" என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார். ஜானி ஸ்டார்முக்கு அங்கே சத்தமே இல்லை. ஆனால் கடைசியில் வுல்வரின் முகமூடியை இழுத்து மாட்டும்போது இரண்டு ஊரிலும் ஒரே சத்தம்தான். உலகம் முழுக்க வசூல் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாம். எனக்கு அந்தச் சத்தமே போதும்.

நீ இருக்கிற வான்கூவர்தான் டெட்பூலாக நடிக்கிற ரையன் ரெனால்ட்ஸுக்குச் சொந்த ஊர். முதல் டெட்பூல் படத்துக்குச் சண்டை எடுத்த பாலம் என்று நீ ஒரு போட்டோ அனுப்பினாய், அதை அம்மா பிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒருநாள் போய்ப் படத்தைப் பார். கோபம் வந்தால் வரட்டும், பத்து நிமிஷம் பொறு. முடிந்து பெயர் ஓடும்போது எழுந்துவிடாதே. பழைய படங்கள் எடுத்தபோது பிடித்து வைத்ததைக் காட்டுகிறார்கள். வாலிப வயசு ஜாக்மேன் மேக்கப்போடு நின்று சிரிக்கிறார். கோயமுத்தூரில் பாதிப் பேர் லைட் போட்டதும் போய்விட்டார்கள். நான் கடைசி வரை இருந்தேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மில்லைச் சாத்திவிடுகிறேன். தாத்தா கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுத்தான் படிக்கிறேன். அம்மா சமையல்கட்டிலிருந்து, "விளையாட்டுப் பக்கம் வேண்டாம், மத்ததைப் படிங்க" என்கிறாள்.

நேந்திரங்காய் வறுவலும் அரைத்த மல்லித்தூளும் பார்சல் போட்டிருக்கிறேன். படம் முடிந்ததும் கூப்பிடு. உனக்கு ராத்திரி பத்து மணி என்றால் இங்கே காலை பத்தரை, மில்லில் சத்தமாக இருக்கும். வெளியே வந்து எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா