பிரசவ வார்டில் மறைப்புத் திரை போடவும், பார்வையாளர்களை ஒழுங்குபடுத்தவும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
நம் ஊர் அரசு மருத்துவமனை பிரசவ வார்டில் மகளுக்குத் துணையிருக்கும் ஒரு தாய், உடன் துணையிருக்கும் பெண்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பார்வை: திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள்.

ஐயா,

வணக்கம். பிரசவக் கட்டடத்தின் மாடி வார்டு தங்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்பு ஆய்வுக்கு வந்தபோது தாங்களே சுற்றிப் பார்த்தீர்கள். அது காலை நேரம். மாலையில் நடப்பதைத்தான் எழுதுகிறோம். முந்தைய மனுவுக்கு ‘துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது, அப்புறம் ‘முடித்து வைக்கப்பட்டது’ என்று வந்தது. வார்டில் எதுவும் மாறவில்லை.

1. மாலை 4 மணிக்குக் கேட்டைத் திறந்ததும் ஒரு கட்டிலுக்கு ஏழெட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். யார், யாரைப் பார்க்க வந்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

2. வந்தவர்கள் செருப்போடு கட்டிலில் உட்காருகிறார்கள். தரையில் வைத்த பையைத் தூக்கிக் குழந்தையின் பக்கத்தில் வைக்கிறார்கள். இருமலோடு வந்தவர்கூடக் குழந்தையை வாங்கிக் கன்னத்தில் முத்தமிடுகிறார். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளும் அங்கே இருக்கின்றன. சோப்புப் போட்டால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி கையைத் தேய்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் படம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே உள்ள குழாயில் தண்ணீர் வருவதில்லை.

3. ஐயா, எங்களை மிகவும் வதைப்பது இதுதான். கட்டில்களுக்கு நடுவே திரைக் கம்பி இருக்கிறது, துணி இல்லை. சிசேரியன் ஆன பெண் சிறுநீர்க் குழாயும் பையுமாகப் படுத்திருக்கிறாள், எழுந்து உட்கார முடியாது. பிறந்த குழந்தை பார்வையாளர் நேரம் பார்த்துப் பசிக்காமல் இருக்குமா? பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஆண்கள் இரண்டடி தள்ளி நிற்க, அவள் எப்படிப் பால் கொடுப்பாள்? நாங்கள் முந்தானையை விரித்துப் பிடித்து நிற்கிறோம், கை கடுக்கிறது. கூச்சப்பட்டு ‘அப்புறம் கொடுக்கிறேன்’ என்று தள்ளிப்போட்ட பெண்ணுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. ரத்தப்போக்குத் துணியை மாற்ற வேண்டியிருந்தாலும் அதே நிலைதான். போன வாரம் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு வீடியோ காலில் குழந்தையைக் காட்டினார். அந்தக் கேமராவில் பக்கத்துக் கட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் தெரிந்தாள். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அது உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் ஒரு நாள் பொறுப்பீர்களா ஐயா? 2018இல் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அந்தரங்கமும் கண்ணியமும் உரிமை என்று இருக்கிறது. அந்த உரிமைக்கு இங்கே ஒரு துணி போதும். கம்பி மாட்டியவர்களுக்குத் துணி மாட்ட ஏன் முடியவில்லை?

4. பார்க்க வருகிறவர்களே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளை வந்து பார்ப்பது நம் வழக்கம், வராவிட்டால்தான் மனத்தாங்கல். அதனால்தான் எங்களால் யாரையும் தடுக்க முடியவில்லை. ‘குழந்தையைத் தொடாதீங்க, கொஞ்சம் வெளியே நில்லுங்க’ என்று நாங்கள் சொன்னால் சம்பந்தி வீட்டோடு பகை வரும். மகள்தான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய் வாழ வேண்டியவள். அதையே ஆஸ்பத்திரி விதி என்று நர்ஸம்மா சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அந்த விதியைத்தான் கேட்கிறோம்.

5. இரவில் துணைக்கு இருக்கும் எங்களைத்தான் ‘பாஸ் எங்கே’ என்று வாசலில் நிறுத்துகிறார்கள். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, சென்னையில் நோயாளியோடு இருப்பவர்களுக்குக் கையில் நிறப்பட்டை கட்டும் முறை வந்தது. அதை இங்கேயும் கொண்டுவரலாம்.

எனவே ஐயா, ஒவ்வொரு கட்டிலுக்கும் துணித் திரை வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு சமயத்தில் இரண்டு பேர், பத்து நிமிடம் போதும். பால் கொடுக்கும்போதும் துணி மாற்றும்போதும் ஆண்கள் வெளியே நிற்க வேண்டும். வார்டுக்குள் போட்டோ, வீடியோ கூடாது. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் குழந்தை அருகே வரக் கூடாது. இவற்றை வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, பார்வையாளர்கள் வரும் அந்த இரண்டு மணி நேரம் மட்டுமாவது ஒரு பெண் காவலரை நிறுத்த வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

எல்லாம் உடனே முடியாது என்றால் சரி, திரைத் துணியையாவது இந்த வாரமே போடச் சொல்லுங்கள். இன்று மாலையும் 4 மணிக்குக் கேட்டைத் திறப்பார்கள். தயவுசெய்து இந்த மனுவையும் முடித்து வைத்துவிடாதீர்கள். ஒரு மாலை நேரில் வாருங்கள் ஐயா, கைகூப்பிக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
பிரசவ வார்டில் துணையிருக்கும் பெண்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.