கீழையூருக்கு ஓர் அம்புக்குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்காரன். மாங்கூழ் ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் "ஓ, கண்ணகி ஊரா?" என்பார்கள். அது காவிரிப்பூம்பட்டினம், கடற்கரையில் இருக்கிறது. எங்களுடையது தென்பெண்ணைக் கரை, பெயரில் மட்டும்தான் காவேரி என்று நாற்பது வருடமாகச் சொல்லிச் சலித்துவிட்டேன். அந்த ஊரையும் ஒருதரம் பார்த்துவிடுவோமே என்று சென்ற மாதம் எங்கள் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேன் பேசினோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஏறினோம். திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போய் விடிகிற நேரத்துக்குப் பூம்புகாரில் இறங்கினோம்.

ஒகேனக்கல்லில் பாறை அதிர விழுகிற காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவும் எங்கள் மாவட்டம்தான். அதே ஆறு கடலில் சேருகிற இடத்தைக் காட்டினால், ஏழாவது படிக்கும் பேரன் "தாத்தா, இது வாய்க்கால்" என்கிறான். முக்கொம்பிலேயே வெள்ளம் கொள்ளிடத்துக்குத் திரும்பிவிடும், மிச்சத்தை வழியெல்லாம் வயல்கள் குடித்துவிடும் என்று விளக்கினேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

கடற்கரையையும் 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்க்க நினைத்தது பூம்புகாரை ஒட்டிய கீழையூரை. 1960-களில் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது செங்கல் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்ட நட்டிருந்த மரத்தூணின் காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள்.

அதைத் தேடித்தான் அலைந்தோம். எங்கள் கண்ணுக்கு ஒரு வழிகாட்டிப் பலகைகூடப் படவில்லை. டீக்கடையில் கேட்டால் "எந்தக் கோயிலுங்க?" என்கிறார்கள். இரண்டு முறை வேனைத் திருப்பினோம். கடைசியில் ஆடு மேய்த்த ஓர் அம்மா, "பழைய செங்கல்லா? அப்படிச் சொல்லக்கூடாதா" என்று முன்னால் நடந்தார். வரப்பில் சேறு, பிறகு சீமைக்கருவேல முள். என் செருப்பு வார் அறுந்தது அங்கேதான்.

செங்கற்களைப் பார்த்ததும் அசந்துபோனேன். எங்கள் ஊர்ச் சூளைக் கல்லைப் பக்கத்தில் வைத்தால் குழந்தை மாதிரி இருக்கும். படகுத்துறை இருக்கிறது, பக்கத்தில் ஆறு இல்லை. இடம் மாறிப் போய்விட்டது. இந்த ஊர்ச் சுங்கத்தில் மூட்டைகளுக்குப் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. வளைகுடாவுக்குப் போகும் கூழ் டிரம் ஒவ்வொன்றிலும் முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தச் சுங்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதியவனும் லாரிக்காரனிடம், இல்லை, வண்டிக்காரனிடம் திட்டு வாங்கியிருப்பான்.

பூம்புகாரிலுள்ள பல்லவனீச்சரம் சிவன் கோயிலிலும் இதே கதை. கோயிலுக்கு வருகிறவர்கள் அர்ச்சனை முடிந்ததும் வண்டியேறிப் போகிறார்கள். அந்தப் பக்கத்திலேயே பௌத்த விகாரையின் அடித்தளம் இருப்பதும், அங்கே புத்தர் பாதம் பொறித்த கல் கிடைத்ததும் எங்கள் வேனிலேயே பத்துப் பேருக்குத் தெரியாது.

பெரிய மண்டபமோ, ஒலி ஒளிக் காட்சியோ நான் கேட்கவில்லை. சீர்காழிச் சாலை திருப்பத்தில் ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, வரப்பு தொடங்குமிடத்தில் ஒன்று என மூன்று அம்புக்குறிப் பலகைகள் வைத்து, எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்று எழுதினால் போதும். முள்ளை வெட்டி ஆள் நடக்க வழி விட்டால் இன்னும் நல்லது. மே விடுமுறைக்குள் பொறுப்பில் உள்ளவர்கள் இதைச் செய்தால், எங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து அடுத்த வேன் கிளம்பத் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.