அப்பாவின் ஸ்கேனைப் பார்த்தவர்களுக்கு

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் இந்த நன்றியை எழுதுகிறேன்.

அவருக்குக் கல்லீரல் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், என்று 4 வருடமாகவே தெரியும். ஹெபடைட்டிஸ் பி கிருமியால் வந்தது. மதுவைத் தொட்டவரே இல்லை. "குடிப்பாரா?" என்ற கேள்வியைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்காத ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கும்பிடு.

6 மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இந்த முறை பத்தே நாளில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. வாயு மறைத்ததால் அல்ட்ராசவுண்டில் ரத்தக்குழாய் சரியாகத் தெரியவில்லை. நீர் பிரியும் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொடுத்து அனுப்பாமல், "திடீரென்று ஏன் கூடியது என்று தெரிய வேண்டும்" என்று சி.டி. ஸ்கேனுக்கு எழுதிய டாக்டருக்கு நன்றி. படம் தெளிவாகத் தெரிய ஸ்கேனின்போது ஏற்றும் ஊசி மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்த பிறகுதான் அனுப்பினார்.

ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன் சகோதரியை எப்படி மறப்பேன்? அப்பாவுக்குக் காது மந்தம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, "ஐயா, மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று காதருகே குனிந்து நான்கு தடவை பழக்கினார். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். மூச்சு விட்டால் கல்லீரலும் ஏறி இறங்குமாம், படம் கலங்கிவிடுமாம். ஒரே ஊசிக்கு மூன்று சுற்றுப் படம்: சுமார் 35 நொடியில் ஒன்று, 70 நொடியில் ஒன்று, சில நிமிடம் கழித்து இன்னொன்று. புற்றுக்கட்டி இருந்தால் பெரும்பாலும் முதல் சுற்றில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிப்போகும் என்று அப்புறம் டாக்டர் விளக்கினார்.

அந்தப் படங்களைப் படித்த ரேடியாலஜி டாக்டரை நாங்கள் பார்த்ததே இல்லை. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் குழாயில் அடைப்பு இருப்பதைக் கண்டதும், ரிப்போர்ட் தயாராகும்வரை காத்திராமல், எங்கள் டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அது புற்று வளர்ந்து அடைத்ததா, வெறும் ரத்தக்கட்டா என்பதில்தான் அப்பாவின் வைத்தியமே இருந்தது. முதல் சுற்றில் அடைப்புக்குள் மருந்து ஏறவில்லை, குழாயும் விரியவில்லை, கல்லீரலிலும் கட்டி எதுவும் இல்லை, ஆகவே ரத்தக்கட்டுதான் என்று எழுதியிருந்தார். அந்த வரியை அம்மா என்னிடம் மூன்று முறை படித்துக்காட்டச் சொன்னார்.

உணவுக்குழாயைச் சுற்றி நாளங்கள் புடைத்திருப்பதையும் அவர்தான் குறித்திருந்தார். அது தெரியாமல் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! முதலில் எண்டோஸ்கோபி செய்து அந்த நாளங்களை ரப்பர் வளையம் போட்டு இறுக்கிய டாக்டருக்கும், இரவெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும் நன்றி.

போன வாரம் மறு ஸ்கேன். குழாயில் பாதிக்கு மேல் வழி திறந்திருக்கிறது. வயிற்று நீரும் வற்றிவிட்டது. ரிப்போர்ட்டின் அடியில் அதே டாக்டரின் பெயர். அடுத்த முறை வரும்போது அவர் அறைக் கதவைத் தட்டி இரண்டு நிமிடம் பார்க்க முடியுமா என்று அப்பா கேட்கச் சொல்கிறார்.