ஃபேனை நிறுத்திவிட்டு வாட்சைப் பிரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் வேலூர்ப் பக்கம் பல வீடுகளில் தாத்தா காலத்து எச்.எம்.டி. ஜனதா, பைலட் வாட்சுகள் பீரோவிலிருந்து வெளியே வருகின்றன. பிரித்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அந்த வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இன்று ஒரு சின்ன ஸ்பிரிங் தொலைந்தாலும் பழைய ஸ்டாக்கைத் தேடி அலைய வேண்டும், இல்லையேல் இன்னொரு வாட்சைப் பலி கொடுக்க வேண்டும்.

சாவி ஏறவில்லை என்றதும் ‘வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் போச்சு’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பின்மூடியைத் திறந்து, சாவி கொடுத்தபடியே மெயின் ஸ்பிரிங்கை இறுக்கும் பெரிய பல்சக்கரமான ராட்செட் சக்கரத்தைக் கவனியுங்கள். விரலை எடுத்ததும் சக்கரம் பின்னோக்கி ஓடினால், அதைத் தடுக்கும் கொக்கியான கிளிக்கை அழுத்திப் பிடிக்கும் கிளிக் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது இடம் நழுவியிருக்கிறது. கிர் கிர் சத்தம் கேட்கிறது, எவ்வளவு சுற்றியும் இறுகவில்லை என்றால்தான் மெயின் ஸ்பிரிங் மீது சந்தேகப்பட வேண்டும். சாவி சுற்றியும் சக்கரம் அசையவே இல்லையா? கோளாறு பெரும்பாலும் டயலுக்கு அடியில், சாவித் தண்டிலுள்ள கிளட்ச் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தை நகர்த்தும் யோக் ஸ்பிரிங் பக்கம் இருக்கும்.

பிரிக்கும் முன் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்குங்கள். சாவியை இரு விரலால் பிடித்து லேசாக முன்னே திருகி, பல்குத்தும் குச்சியால் கிளிக்கை விலக்கி, சாவி விரலிடுக்கில் மெல்ல வழுக்கிச் சுற்ற விட வேண்டும். இறக்காமல், சக்கரங்களை நிறுத்தி நிறுத்தி ஓடவிடும் பேலட் ஃபோர்க்கைத் தாங்கும் பேலட் பிரிட்ஜைக் கழற்றினால் சக்கரங்கள் சர்ரென்று ஓடும், சக்கர அச்சுகளின் ஊசிமுனை போன்ற பிவட்டுகள் ஒடியும். சாவியின் தண்டான ஸ்டெம்மை எடுக்க, அதன் அருகிலுள்ள ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள். மேலும் தளர்த்தினால் ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவர் உள்ளே விழுந்துவிடும். அப்புறம் முள், டயல் எல்லாம் கழற்றினால்தான் கதை முடியும்.

கிளிக் ஸ்பிரிங் பறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ட்வீசரை அழுத்திப் பிடிப்பதுதான். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு அதைக் கழற்றினால், பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். நம்மூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் முடியாதுதான், அந்த இரண்டு நிமிடமாவது நிறுத்தி வையுங்கள். தரையில் விழுந்துவிட்டால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் கடுகளவு ஸ்பிரிங்குக்கும் நீண்ட நிழல் விழும். காந்தத்தை வைத்துத் தேடினால் பாகம் காந்தமேறிவிடும். காந்தம் நீக்காமல் திரும்பப் பூட்டாதீர்கள்.

இன்னொரு பொல்லாத இடம், சாவியின் சுழற்சியை ராட்செட் சக்கரத்துக்குக் கடத்தும் கிரவுன் வீலின் ஸ்குரூ. பல வாட்சுகளில் இது இடதுமரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். தெரியாமல் முரட்டுத்தனம் காட்டினால் தலை ஒடிந்து, தண்டு பித்தளைத் தட்டிலேயே தங்கிவிடும். துளை போடப் போகாதீர்கள். நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தை வெந்நீரில் கரையும் மட்டும் கரைத்து, மற்ற எஃகுப் பாகங்கள் அத்தனையும் கழற்றிய தட்டை அதில் ஊறவிடுங்கள். இரவு முழுக்க, சிலசமயம் ஒரு நாளுக்கும் மேல் ஆகும். எஃகு கரைந்து கருப்பு மாவாக உதிரும், பித்தளை அப்படியே நிற்கும்.

கழுவும்போது பேலட் ஃபோர்க்கை ஸ்பிரிட்டில் போட்டுவிடாதீர்கள். அதன் கற்களை அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், கல் கழன்றுவிடும்.

இப்படிக்கு,
வாட்ச் பழுதுபார்க்கும் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.