மதிலை அழிக்குமுன் குறித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

திருகோணமலை உட்துறைமுக வீதியோர மதில்களைப் பாருங்கள். மஞ்சள் மதிலில் வெள்ளைத் திட்டு, அதன்மேல் சாம்பல் திட்டு, சாம்பலுக்கு அடியில் பழைய கட்சிக் கோஷத்தின் கறுப்பு. அழித்த இடத்திலேயே திரும்பவும் எழுதுகிறார்கள். எந்த மதிலில் எத்தனை தரம் எழுதினார்கள், எப்போது அழித்தார்கள் என்று நாங்கள் பார்க்கக்கூடிய பதிவு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவின் சிக்காகோவில் 1992 இல் ஸ்பிரே வர்ண விற்பனையையே தடை செய்தார்கள். கிறுக்கல் ஓயவில்லை. அங்கே உருப்படியாக நடந்தது பதிவுதான். நகர நிர்வாகத்திடம் முறையிடும் 311 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு வந்த ஒவ்வொரு முறைப்பாட்டின் திகதி, முகவரி, எழுதிய இடம் செங்கல்லா உலோகமா மரமா என்பது, வேலை முடிந்த திகதி எல்லாம் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியாகின. அவற்றைப் புள்ளிகளாக வரைபடத்தில் இட்டால், எந்தத் தெருவில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள், எங்கே அழிக்கப் பிந்துகிறது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் முறைப்பாட்டை மட்டும் நம்பினால் வரைபடம் ஏமாற்றிவிடும். முறையிடத் துணிபவர்கள் இருக்கும் தெருவில் புள்ளிகள் குவியும். "சொல்லி என்ன பயன்" என்று இருக்கும் தெரு துப்புரவாகத் தோன்றும். ஆகவே உள்ளூராட்சி ஊழியர்கள் எல்லா வட்டாரங்களையும் நடந்து பார்த்துக் குறிக்கவும் வேண்டும். கைத்தொலைபேசிப் படமும் திகதியும் போதும்.

எழுதிய பரப்பு எது என்பது நமக்கு இன்னும் முக்கியம். சீமெந்து மதிலுக்கு வர்ணம் பூசலாம். நம் ஊர்ப் பிரெட்ரிக் கோட்டை வாயிலில் கயல் சின்னமும், குளக்கோட்டன் என்ற மன்னனின் கோயில் திருப்பணியைச் சொல்லும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. அந்தக் கல்லில் யாராவது கிறுக்கினால் வாளியும் தூரிகையும் கிட்டப் போகவே கூடாது. சிக்காகோவில் அப்பச்சோடாவைத் தண்ணீரோடு வேகமாகப் பீச்சிக் கழுவுகிறார்கள். தேய்ந்த எழுத்துக்கு அதுவும் ஆகாது. இத்தகைய இடங்களுக்கு வரைபடத்தில் தனி நிறம் இட்டு, தொல்லியல் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

2019 கடைசியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் ஓவியம் வரைந்தார்கள். அப்படிப்பட்ட ஓவியமும், பிள்ளையைத் தேடும் ஒரு தாயின் கோரிக்கையும், காதலர் பெயரும் ஒரே வாளி வர்ணத்தில் மறையக் கூடாது. எதை அழிப்பது என்ற தீர்மானம் படம் எடுத்து, பதிந்து, பொதுவில் எடுக்கப்பட வேண்டும். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கோட்டை வரையான வீதிகளில் இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
திருகோணமலை வாசகர்