ஏழு பெயர்களில் நான்காவது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இருவரும் நலம். அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்றச் செய்திகள் எதுவும் அவசரமில்லை, பிறகு எழுதுகிறேன்.

நீ பழக்கிவிட்டபடி நாள்தோறும் காலையில் கணினியைத் திறந்து உன் பெயருக்கு நேரே உள்ள எண்ணைப் பார்த்துவிடுகிறேன். உன் ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எடுத்தாண்ட மேற்கோள்கள் நேற்று 1,412. எச்-குறியீடு 19, அதாவது, குறைந்தது 19 முறை பிறர் எடுத்தாண்ட கட்டுரைகள் உனக்கு 19 இருக்கின்றன. இந்தக் கணக்கை 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்தார் என்பதையும் தேடிப் படித்துவிட்டேன். பங்குச் சந்தை பார்ப்பதுபோல் பார்க்கிறேன் என்று உன் அப்பா கேலி செய்கிறார். பங்குச் சந்தை இறங்கவும் செய்யும். இந்த எண் இறங்குவதில்லை. நான் ஏமாந்தது அதில்தான். 14 மாதங்களாக உன்னிடமிருந்து புதிய கட்டுரை எதுவும் வராதபோதும், பழையவற்றை யாரோ எங்கோ மேற்கோள் காட்டிக்கொண்டே இருப்பதால் எண் கூடியது. எண் கூடுகிறதே, பிள்ளை நன்றாகத்தான் இருப்பாள் என்று நானும் இருந்துவிட்டேன்.

14 மாதம் பெரிய இடைவெளி அன்று. இரத்தப்போக்கைக் குறைக்க நீ விழுங்கும் டிரானெக்சாமிக் அமிலத்தைப் பற்றி ஒகமோட்டோ தம்பதியர் 1962-இல் ஜப்பானிய ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். பிரசவ உதிரப்போக்குக்கு அதைக் கொடுத்துப் பார்க்கும்படி உதாகோ அம்மையார் எவ்வளவோ சொல்லியும் மருத்துவர்கள் அப்போது செவிசாய்க்கவில்லை. 20,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கொண்ட பெரிய ஆய்வு 2017-இல்தான் வெளிவந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உதிரப்போக்கால் நேரும் இறப்பு குறைகிறது என்று அது காட்டியது. அம்மையார் 2016-இலேயே காலமாகிவிட்டார். உனக்கு ஆறுதல் சொல்லத்தான் இதைத் தொடங்கினேன். எங்கோ போய் முடிந்துவிட்டது.

கடைசியாக வந்த கட்டுரையில் ஏழு பெயர்களில் உன் பெயர் நான்காவது. பெரும்பகுதி வேலையைச் செய்தவர் பெயர் முதலிலும் ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வரும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். நான்காவது பெயரைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. தலைவலித்தால் ஆஸ்பிரின் போடாதே. உனக்கே நான் சொல்வதா என்று சிரிப்பாய், சிரித்தாலும் போடாதே.

உன் முதல் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் இரத்தம் சரியாக உறையாத அந்த நோயின் பெயரை வான் வில்லிபிராண்ட் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லிக் காட்டியவள் நான். ஆனால் முன்பின் அறியாத பெண்களிடமெல்லாம் எத்தனை நாள், எவ்வளவு உதிரம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளும் உனக்கு, அம்மாவிடம் பேசும்போது மட்டும் "நல்லா இருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை.

இப்படிக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். மறுநாள் தொடர்கிறேன்.

உன் கடைசிக் கட்டுரை வந்த மாதத்தில்தான், இரத்தப்போக்கு இருந்ததா என்று கேட்கும் அந்தப் படிவத்தை நீ எனக்கு அனுப்பினாய். மூக்கு, பல், அறுவை, பிரசவம், மாதவிடாய் என்று வரிசையாகக் கேட்ட அதில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்து அனுப்பினேன். அது பொய். நீ பிறந்தபோது எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். சின்னம்மாவுக்குப் பல் பிடுங்கிய இரவு உனக்கே நினைவிருக்கும். பாட்டிக்குக் கர்ப்பப்பையை ஏன் எடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் உன் இரண்டாவது கட்டுரையை அகராதியோடு உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். இந்த நோயில் குறைவாக இருக்கும், இரத்தம் உறைய உதவும் காரணியின் அளவு மன அழுத்தத்தாலும் கர்ப்பத்தாலும் வயதாலும் கூடிவிடும், ஒரு முறை பரிசோதித்ததை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆகவே குடும்ப வரலாற்றைக் கேட்டே ஆகவேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த மருத்துவர் வான் வில்லிபிராண்ட் 1926-இல் எழுதிய கட்டுரையும் அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதியதுதானே. பின்லாந்தின் ஆலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமியிடம் தொடங்கி, அந்தக் குடும்பத்தில் 66 பேரைப் பற்றி விசாரித்து, 23 பேருக்கு இரத்தப்போக்கு இருந்ததைக் கண்டறிந்தார். அந்த வீட்டுப் பெண்கள் என்னைப்போல் "இல்லை" என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் ஹீமோபிலியா என்ற இரத்தப்போக்கு நோயிலிருந்து இது வேறு என்று அவர் எப்படிக் கண்டிருப்பார்? அந்தச் சிறுமி 13 வயதில், நான்காவது மாதவிடாயின்போது இறந்துபோனாள். அந்த வரியைப் படித்த அன்று கணினியை மூடிவிட்டேன்.

உனக்கும் அப்போது 13 வயது. பதினோரு நாள் நிற்கவில்லை. "எல்லாருக்கும் அப்படித்தான், அப்பாவிடம் சொல்லாதே" என்றேன். என் அம்மா என்னிடம் சொன்னதையே சொன்னேன். படிவத்தில் "ஆம்" என்று குறித்தால், இது என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது என்பதையும், தெரிந்தும் உன்னை மூன்று ஆண்டு மருத்துவரிடம் காட்டவில்லை என்பதையும் என் கையாலேயே எழுதிக்கொடுத்ததாக ஆகும். அதற்குப் பயந்தேன். நீ பேசுவது குறைந்தது அதற்குப் பிறகுதான் என்று நாள்களை எண்ணிப் பார்க்கிறேன். வேறு காரணமாகவும் இருக்கலாம்.

பழுப்பு டைரியில் உன் 13 வயதிலிருந்து 16 வயது வரை தேதிகள் இருக்கின்றன. எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொன்னவள் ஏன் குறித்துவைத்தாள் என்று கேட்பாய். அந்தப் பக்கங்களைப் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். படிவத்தை மறுபடி அனுப்பு, இந்த முறை அப்பாவின் எதிரில் உட்கார்ந்தே நிரப்புகிறேன்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே.

அம்மா