ஆறரை அங்குலம்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ பேசியதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பணம் கேட்டதற்காக இல்லை, பணம் தருகிறேன், அதை நீ யோசிக்கவே வேண்டாம். இட்லி மாவு வியாபாரத்தை உன்னோடு சேர்ந்து ஆரம்பித்த தோழி சம்பளப் பேச்சில் மனத்தாங்கல் வந்து விலகிவிட்டாள், அவள் இடத்துக்கு வந்த பையன் ஈர மாவே வேண்டாம், உலர் மாவு பாக்கெட்டாகப் போடலாம் என்கிறான், நீயும் சரி என்றுவிட்டாய். அப்புறம் போகிற போக்கில் ஒன்று சொன்னாய், வென்ட்வொர்த்வில்லில் 2 கடைக்காரர்கள் உங்கள் ஈர மாவை நம்பிப் புது ஃபிரிட்ஜ் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று. அவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "இன்னும் இல்லைப்பா, சொல்லிக்கலாம்" என்றாய். அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

2019-ல் நான் சிட்னிக்கு உன்னைப் பார்க்க வந்திருந்தபோது அல்டிமோவில் உள்ள மியூசியத்துக்குக் கூட்டிப் போனாயே, அங்கே உங்கள் ஊரின் முதல் பயணிகள் ரயிலை இழுத்த 1-ஆம் நம்பர் இன்ஜின் முன்னால் நான் வெகுநேரம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நீகூட "கால் வலிக்கலையாப்பா" என்றாய். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் அகலத்தைத்தான் பார்த்தேன். அதன் கதையை அன்றைக்கே உன்னிடம் சொல்ல நினைத்தேன், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் விட்டுப்போயிற்று.

நீ தினமும் வேலைக்குப் போகிற அந்தப் பாதையை முதலில் தொடங்கியது அரசாங்கம் இல்லை. 1849-ல் சிட்னி ரயில்வே கம்பெனி என்று ஒன்றைப் பதிவு செய்தார்கள், மூலதனம் 1,00,000 பவுண்டு. சிட்னியிலிருந்து கோல்பர்ன், பாத்தர்ஸ்ட் வரைக்கும் போட்டுவிடலாம் என்று கணக்கு. 1850 ஜூலை 3-ஆம் தேதி முதல் மண்ணை வெட்டினார்கள், வெட்டியது கவர்னர் ஃபிட்ஸ்ராயின் மகள். கொட்டுகிற மழையிலும் ஊரே திரண்டு வந்து நின்றதாம். அந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது, அவ்வளவு ஆசையோடு வந்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷமே பாத்தர்ஸ்ட் பக்கம் தங்கம் கிடைத்துவிட்டது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவன் யார்தான் ரயில் பாதைக்கு மண் வெட்டிக்கொண்டிருப்பான்? ஆள் இல்லை, இருக்கிற ஆளுக்குக் கூலி ஏறிப்போயிற்று, சாமான் விலையும் ஏறிற்று, கடைசியில் இங்கிலாந்திலிருந்து வேலையாட்களைக் கப்பலில் கொண்டுவர வேண்டியதாயிற்று. கையில் இருந்த பணத்துக்கும் ஆகிற செலவுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. ரயில் ஓடுவதற்கு முன்பே கம்பெனியை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. 1855 செப்டம்பர் 26-ல் பாதை திறந்தபோது, இப்போது கிரான்வில் இருக்கிற இடம் வரைக்கும்தான், 22 கிலோமீட்டர். கோல்பர்னும் இல்லை, பாத்தர்ஸ்டும் இல்லை.

இதில் எனக்கு அந்தக் கம்பெனி மேல் கோபம் கிடையாது. தங்கம் கிடைக்கும் என்று எவன் கண்டான், பணம் போதாமல் போவது யாருக்கும் நடக்கும். கோபமெல்லாம் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் விடுகிற அகலம், அந்த விஷயத்தில்தான்.

முதலில் 4 அடி 8½ அங்குலம் என்றுதான் இருந்தார்கள், இங்கிலாந்தில் உள்ள அளவு. கம்பெனியின் இன்ஜினீயர் ஷீல்ட்ஸ் அயர்லாந்துக்காரர், அவர் தங்கள் ஊர் அளவான 5 அடி 3 அங்குலம்தான் நல்லது என்று வாதாடி அதை ஏற்க வைத்தார், 1852-ல் அதற்குச் சட்டமே போட்டார்கள். பக்கத்துக் காலனிகளான விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் அதை நம்பித் தாங்களும் 5 அடி 3 அங்குலத்துக்கு வந்துவிட்டன. அதற்குள் ஷீல்ட்ஸ் சம்பளத் தகராறில் விலகிப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த வாலஸ் ஸ்காட்லாந்துக்காரர், பழைய அளவுக்கே போவோம் என்றார், கம்பெனியும் சரி என்றது, 1853-ல் சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் விக்டோரியாக்காரர்கள் அதற்குள் இன்ஜின், பெட்டி எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். எதிர்த்துக் கேட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அவர்கள் அகல அளவிலேயே நின்றுவிட்டார்கள். வித்தியாசம் வெறும் ஆறரை அங்குலம், என் கை ஒரு சாண்கூட வராது.

1883-ல் இரண்டு பக்கத்துப் பாதையும் எல்லை ஊரான ஆல்பரியில் வந்து சந்தித்தபோது ஒரு ரயிலிலிருந்து இறங்கி இன்னொரு ரயிலில் ஏற வேண்டியிருந்தது. மெல்போர்னிலிருந்து சிட்னிக்குப் போகிறவர்கள் 1962 வரைக்கும் அப்படித்தான் இறங்கி ஏறினார்கள். கம்பெனி போய் 100 வருஷத்துக்கு மேல் ஆன பிறகும்!

உனக்கு 5 வயசில் டெல்லி போனோமே, பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரில் இறங்கி, மீட்டர் கேஜ் வண்டி அதோடு சரி, டிரங்குப் பெட்டியையும் உன்னையும் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு ஓடினோம். ஆட்டோவில் நீ ஒரு செருப்பை விட்டுவிட்டு அழுதாய். பிறகு திண்டுக்கல் பக்கம் மீட்டர் கேஜைப் பெயர்த்து அகலப் பாதை போட்ட வேலையில் நானும் இருந்தேன், ஒவ்வொரு ஸ்லீப்பராகக் கேஜ் வைத்துப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்போம். வளைவில் கொஞ்சம் தளர்த்தினாலும் அதையும் எழுதியாக வேண்டும். பின்னால் வருகிற ஆளுக்குத் தெரிய வேண்டுமே.

உலர் மாவுதான் சரி என்று உனக்குத் தோன்றினால் மாற்று, உனக்குத் தெரியாததா. வாலஸ் சொன்ன அளவில் தப்பே கிடையாது, இன்றைக்கும் உங்கள் ஊர் ரயில் அதில்தான் ஓடுகிறது. ஆனால் புது பாக்கெட்டுக்கு மெஷின் பார்ப்பதற்கு முன்னால் அந்த 2 கடைக்காரர்களையும் நேரில் போய்ப் பார். போனில் வேண்டாம், மெசேஜ் வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு ஆயிற்று என்று நீயே கேள். அவர்கள் வேண்டாம் என்றாலும் பாதியாவது கொடு. வேறு சரக்கு வைக்க அது உதவும் என்றால் எவ்வளவு நாளைக்கு நீ துணை நிற்பாய் என்று பேசி எழுதிக் கொடு. அந்தச் செலவையும் சேர்த்துத்தான் நான் அனுப்பப் போகிற தொகையைக் கணக்குப் போட்டிருக்கிறேன், அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் அனுப்பிவிடுகிறேன். கடைக்குப் போய்விட்டு வந்ததும் போன் பண்ணு, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் எடுப்பேன்.

அப்பா